நைனாவின் கைகளில் எரிந்த சர்க்கரை

நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, கழுத்தில் நிணநீர்ப் புற்று. பாதி கீமோ ஏறியிருந்தது. மருந்து கேட்கிறதா என்று பார்க்கத் திருப்பதியில் பெட் ஸ்கேன் வைத்தார்கள். கேட்கவில்லை என்றால் இதைவிடக் கடுமையான மருந்துக்கு மாற வேண்டும்.

நகரியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். உயிர்வேதியியல் படிக்கிறவள் நான். என் வாய் ஓயவில்லை. புற்றுச் செல்லுக்குச் சர்க்கரை மேல் அடங்காத பசி. பிராணவாயு தாராளமாக இருந்தாலும் பெரும்பகுதியை முழுதாக எரிக்காது. அரைகுறையாக உடைத்து, புதுச் செல் கட்ட வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அமிலமாக வெளியே கொட்டும். அந்த அமிலத்தில் உடம்பின் காவல் செல்களே சோர்ந்துபோகும். அதனால்தான் கதிர் வீசும் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, யார் அள்ளித் தின்கிறார்கள் என்று படம் எடுக்கிறார்கள்.

"திருடனுக்கு விருந்து வெச்சுப் புடிக்கிறாங்கன்னு சொல்லு" என்றார் நைனா.

ஊசி போட்டுத் தனி அறையில் படுக்க வைத்தார்கள். அசையக் கூடாது என்றார்கள். தலையாட்டினார்.

பிறகு டாக்டர் திரையில் படத்தைத் திறந்தார். மூளை ஜொலித்தது; அது எப்போதும் அப்படித்தான். கழுத்து இருண்டிருந்தது; அங்கே மருந்து கேட்டிருக்கிறது. ஆனால் முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளும் நீளநீளமாக எரிந்தன. பரவிவிட்டதா?

டாக்டர் பதறவில்லை. "உள்ளே என்ன செய்தீர்கள்?" என்று தெலுங்கில் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மாதான் படுத்துக்கினு இருந்தேன்."

நைனாவின் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தேன். ஓரத்து நூலெல்லாம் கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டிருந்தது.

"இன்னா நைனா இது?"

"இதெல்லாம் ஒரு வேலையா? தறியில அறுந்த நூல முடிஞ்சு முடிஞ்சு, கை அதுவா போவுது. நான் எங்க எழுந்து நடந்தேன்?"

டாக்டர் சிரித்துவிட்டார். உழைத்த தசை சர்க்கரையை வாங்கி எரித்திருக்கிறது, அவ்வளவுதான். அம்புக்குறி போட்டு நான் படித்த வேதிவினையெல்லாம் என் அப்பாவின் கைகளில் வெளிச்சமாக நின்றது. கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்புறம் டாக்டரின் விரல் திரையில் மார்புக்கு நகர்ந்தது. மிளகளவில் எரியும் ஒரு புள்ளி. அங்கே நூலும் இல்லை, முடிச்சும் இல்லை. மருந்துக்கு மசியாத செல்களாக இருக்கலாம் என்றார். சர்க்கரையிலிருந்து எடுத்த சக்தியைச் செலவழித்து, உள்ளே வரும் மருந்தையே வெளியே தள்ளுகிற செல்களும் உண்டாம். சதை எடுத்துச் சோதித்துவிட்டு, மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

நைனா திரைப் பக்கம் குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"இவ்ளோ மருந்துலயும் அசராம துன்னுக்கினு கீறான் பாரு" என்றார், ஏறக்குறைய மரியாதையோடு. பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "சோதனைக்கு எப்ப வரணும், சொல்லுங்க."