குதிரைக்கு வைத்த பொங்கல்

கார்மேகம் எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரிதான் நிற்பான். என் கடையில் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் வாசலுக்கும் கல்லாவுக்கும் நாலு நடை நடந்துவிடுவான். அவன் முதுகுளத்தூர்ப் பக்கம், நான் கீழக்கரை. ராஸ் அல் கைமாவில் பேரீச்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற ரோட்டில் பலசரக்குக் கடை போட்டு உட்கார்ந்தே காலம் கழிக்கிற எனக்கு, உட்காரவே தெரியாத இவனை எப்படிப் பிடித்துப்போனது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

முதலில் பஹ்ரைனில், ஈசா டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கினான். அப்புறம் மஸ்கட் ரூவியில் ஒரு ஓட்டல் அடுப்படி. அப்புறம் இங்கே டைல்ஸ் கம்பெனி. எங்கேயும் இரண்டாவது காண்ட்ராக்ட் போட்டதில்லை. சூப்பர்வைசர் ஒரு முறை முறைத்தால் போதும், பை தோளில் ஏறிவிடும். ஊரிலிருந்து அவன் மனைவி சீதாலட்சுமி எனக்குப் போன் போட்டு, "அண்ணே, அவுக இப்ப எந்த நாட்டுல இருக்காக?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். கேட்கிற எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

அப்படிப்பட்டவனைக் கட்டிப்போட்டது ஒரு குதிரை.

என் கடைக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்து முதலாளியை எல்லோரும் அர்பாப் என்போம். வயதானவர், நல்ல மனிதர், கொஞ்சம் பிடிவாதம். வைத்தியத்துக்காக ஜெர்மனி போனவர் அங்கே காட்டில் வெட்டிய மரங்களைக் குதிரைகள் இழுத்து வருவதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததும் பணத்தைக் கொட்டி அப்படி ஒரு குதிரையை இறக்கிவிட்டார். பந்தயக் குதிரை மாதிரி வெடவெடவென்று இருக்காது. அகலமான மார்பும் உரல் மாதிரிக் கால்களும் குளம்புக்கு மேல் கொத்தாக மயிருமாக நின்றது. அதன் கொட்டகைக்கு ஏசி போட்டார்கள். அதற்கு அப்புறம்தான் ஆட்களின் ரூமுக்குப் போட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை இல்லாமலும் இல்லை. பழைய தோட்டம், மரங்கள் நெருக்கம். செவ்வண்டு விழுந்த மரத்தை வெட்டி, துண்டு போட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வண்டு பறப்பதற்கு முன் குழிக்குக் கொண்டுபோக வேண்டும். மெஷின் உள்ளே போனால் தண்ணீர்க் குழாயும் பக்கக் கன்றும் நாசமாகும். குதிரை இரண்டு மரத்துக்கு நடுவே ஒதுங்கிப் போய்விடும். சின்ன அர்பாப், அதாவது மகன், இதையெல்லாம் நம்பவில்லை. மெஷின் வாங்கு, குதிரையை விற்றுவிடு என்று தினமும் தகப்பனை அரித்துக்கொண்டிருந்தான்.

ஊரில் ஏர் ஓட்டியவன் என்று சொல்லித்தான் கார்மேகம் இந்த வேலைக்கு வந்தான். மாடு கழுத்தால் இழுக்கும், குதிரை தோளால் இழுக்கும் என்பதே அவனுக்கு இங்கே வந்துதான் தெரியும். ஆனால் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். தோளில் மாட்டுகிற தோல் வளையத்துக்குள் விரல் விட்டுப் பார்த்து, உரசாமல் கட்டுவான். சங்கிலியைக் குட்டையாகப் போடுவான், இழுக்கும்போது மரத்தின் முன்தலை தரையில் குத்தாமல் தூக்கிக்கொண்டு வரும். முதல் இழுப்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் கொடுத்தால் மரம் அசைந்துவிடும், நேரே இழுத்தால்தான் முரண்டும் என்று எனக்கே பாடம் நடத்துவான். இழுக்கும்போது மரத்துக்கும் குதிரைக்கும் நடுவில் ஒருநாளும் நிற்க மாட்டான். கொம்பே இல்லாத அதற்குக் கொம்பன் என்று பெயர் வேறு வைத்தான்.

இரண்டாவது காண்ட்ராக்டில் கையெழுத்தும் போட்டான். சீதாலட்சுமி அன்றைக்கு எனக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் பேசினாள்.

தை பிறந்தது. கார்மேகம் கடைக்கு வந்து பச்சரிசி, பாசிப்பருப்பு, நெய், மண்டை வெல்லம் எல்லாம் வாங்கினான். "ஒரு ஆளுக்கு இவ்வளவா?" என்று கேட்டேன். "நாளைக்கு மாட்டுப்பொங்கல் பாய்" என்றான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான் பாட்டுக்குச் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் கொம்பனைக் குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் துண்டு கட்டி, ஒரு பெரிய சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கலைக் கொம்பன் முன்னால் வைத்துவிட்டான். உழைக்கிற ஜீவன் தின்ற பிறகுதானே அன்றைக்கு மனிதன் சாப்பிடுவான். மாட்டுக்கே அளவாகத்தான் ஊட்டுவார்கள். இவன் பாசத்தில் மொத்தத்தையும் வைத்தான். குதிரையும் நக்கி எடுத்துவிட்டது.

வெயில் ஏறுவதற்குள் கொம்பன் காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது, படுத்து உருண்டது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது உள்ளேயே ஊதும். அர்பாப் டாக்டருக்குப் போன் போட்டார். கார்மேகம் என்ன செய்தான் தெரியுமா? சட்டியை மணலில் புதைத்துவிட்டு என் கடைக்கு ஓடி வந்தான்.

"பாய், ஒரு டாக்ஸி புடிச்சுக் குடுங்க. ரூவில என் சித்தப்பா மகன் இருக்கான். போயிர்றேன்."

விஷயத்தைக் கக்க வைத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருக்கு. பார்டர்ல எதைய்யா காட்டுவே? கையில ஒட்டியிருக்கிற பொங்கலையா?"

"செத்துரும் பாய். அதை என் கண்ணால பாக்க முடியாது."

"என்ன தின்னுச்சுன்னு தெரியாம டாக்டர் மருந்து குடுத்தா நிச்சயமாச் சாகும். நீ வாயத் தொறந்தா ஒருவேளை பொழைக்கும். டாக்ஸி வேணும்னா நானே கூப்பிடுறேன், சொல்லு."

வாசல் வரை போனான், உள்ளே வந்தான், மறுபடி வாசலுக்குப் போனான். அப்புறம் தோட்டத்தைப் பார்த்து ஓடினான். நான் கடையைப் போட்டது போட்டபடி பின்னால் ஓடினேன்.

டாக்டர் வந்திருந்தார். கார்மேகம் எல்லோருக்கும் முன்னால் போய் நின்று, தெரிந்த நாலு அரபிச் சொல்லைக் கொட்டினான். "அர்பாப், அனா… ருஸ்… சக்கர்… வாஜித்." நான்தான், சோறு, வெல்லம், நிறைய. புதைத்த சட்டியையும் தோண்டி எடுத்துக் காட்டினான். சின்ன அர்பாப் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். பெரியவர் தடுத்தார். டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்தார், ஊசி போட்டார், படுக்க விடாமல் நடத்தச் சொன்னார். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை கார்மேகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஈச்சமர வரிசையில் நடந்துகொண்டே இருந்தான். கடைசியில் கொம்பன் லத்தி போட்டது. பெரியவர் அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

குதிரை பிழைத்தது. ஆனால் குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாக, சின்ன அர்பாபுக்கு இது போதுமானதாகிவிட்டது. பெரியவர் தளர்ந்துபோனார். கார்மேகத்தை அவர் அனுப்பவில்லை. உண்மையைச் சொன்னவன் என்று வேலையில் வைத்துக்கொண்டார். குதிரையைத்தான் ஹம்ரானியாவில் காய்கறி போடுகிற ஒருவருக்கு விலை பேசினார்கள். சில நாள் வேலை வாங்கிப் பார்ப்பது, சரிவராவிட்டால் திருப்பி அனுப்புவது என்று பேச்சு. "திரும்பி வந்தால் உன்னிடமே இருக்கட்டும், இனி யாருக்கும் விற்க மாட்டேன்" என்று பெரியவர் கார்மேகத்திடம் சொன்னார். வண்டியில் ஏறாமல் முரண்டிய கொம்பனை ஏற்றிவிட்டதும் கார்மேகம்தான்.

அதற்கப்புறம் அவன் என் கடையிலேயே பழியாகக் கிடந்தான். ஹம்ரானியாவிலிருந்து வருகிற போனுக்காகத்தான். வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். கொம்பனோடு அங்கே வேலை பார்க்கிற பாகிஸ்தானி பேசினான். "பாய், கோடா நஹி சல்தா." குதிரை நகரவே மாட்டேன் என்கிறது, சாயங்காலம் வரை பார்ப்போம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார் முதலாளி என்றான்.

கார்மேகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "வந்துருவான் பாய், வந்துருவான்" என்று என் கையைப் பிடித்து ஆட்டினான். எனக்கும் சந்தோஷம்தான்.

போன் கட்டாகவில்லை. அந்தப் பக்கம் யாரோ கத்துவது கேட்டது. பிறகு கம்பு விழுகிற சத்தம். மறுபடி விழுந்தது. குதிரை மூச்சை இழுத்து விடுவதும் கேட்டது.

கார்மேகம் என் கையை விட்டான். சும்மா இருந்தால் போதும், சாயங்காலம் கொம்பன் வந்துவிடும். மூன்றாவது அடியும் விழுந்தது.

போனைப் பிடுங்கி, "மத் மாரோ பாய்" என்றான். அடிக்காதே. போனைக் குதிரை காதுகிட்டே வைக்கச் சொன்னான்.

வைத்தார்கள் போலிருக்கிறது. கார்மேகம் கண்ணை மூடிக்கொண்டான். எங்கள் பக்கத்து வயலில் ஏர் ஓட்டுகிறவன் கூப்பிடுகிற அதே குரல்.

"ஹை… ஹை… வாடா ராசா… வலத்த… வலத்த வா… ம்… இழு சாமி… இழு."

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் சங்கிலி விறைக்கிற சத்தம், கனமான ஏதோ மண்ணில் அறைந்துகொண்டு நகர்கிற சத்தம். பாகிஸ்தானி சந்தோஷத்தில் சிரித்தான். அந்தச் சொற்களை எல்லாம் இன்னொரு தடவை சொல்லச் சொல்லித் தன் போனில் பதிந்துகொண்டான். இனித் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை என்று முதலாளியிடம் சொல்கிறேன் என்றான்.

"அச்சா பாய்" என்று கார்மேகம் போனை என்னிடம் கொடுத்தான். முகமெல்லாம் கண்ணீர்.

"இழுத்துட்டான் பாய்" என்றான்.