வட்டலப்பம் அன்பளிப்பாகுமா

எப்போதாவது கிடைக்கும் சாப்பாடு, போகிற வழியில் வண்டியில் ஏற்றிக்கொள்வது, இதுபோன்ற சாதாரண உபசாரம் எதுவும் அன்பளிப்பில் சேராது என்று அரசு ஊழியர் நடத்தை விதிகளில் ஒரு விளக்கம் உண்டு. தெளிவான விளக்கம்தான். அதற்கு அடுத்த வரியில், அலுவல் தொடர்புள்ளவர்களிடம் அடிக்கடி உபசாரம் பெறுவதைத் தவிர்க்கவேண்டும் என்றும் இருக்கும். நான் எப்போதும் அடுத்த வரியையும் படிக்கிறவன்.

போன வாரம் ஒரு பெரிய கடையில் முட்டை அடித்து அவிக்கும் இனிப்பான வட்டலப்பத்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து வைத்திருக்கப் பார்த்தேன். எடை, விலை, கெட்டுப்போகும் தேதி எல்லாம் ஒட்டியிருந்தது. அதனால் துணிந்து வாங்கினேன். வீட்டில் மூடியைத் திறந்ததும் ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் கலந்த அந்த வாசனை என்னை, அந்நாளில் நாங்கள் இருந்த கோவில்பத்து வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

கொல்லை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மணல்பாங்கான நிலம், லேசாக உப்புக் கரிக்கும் கிணறு. அதை வைத்துக்கொண்டு என் மனைவி வசந்தா அவரை, பாகல், கத்தரி எல்லாம் விளைவித்தாள். புடலம்பிஞ்சு வளையாமல் நீள நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவாள். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்கு. மீன் கழுவிய தண்ணீர் மிளகாய்ச் செடிக்கு. எங்கள் வீட்டுத் தண்ணீர் போதாதென்று கிளுவை வேலியில் இருந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டிலிருந்தும் வரும். பக்கத்து வீடு மரியம் லாத்தாவுடையது. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். வசந்தாவும் அப்படியே கூப்பிடுவாள். லாத்தாவின் கணவர் சவுதியில் இருந்தார்.

பின்கட்டில் கையால் சுற்றித் தைக்கும் ஒரு மிஷின். பிரெஞ்சுப் படையில் இருந்து பிரான்சு பென்ஷன் வாங்கிய ஒருவர் வீட்டில் சும்மா கிடந்ததை வாங்கியது. மத்தியானச் சமையல் முடிந்ததும் அதன் கடகடப்பு ஆரம்பமாகும். வசந்தா பழைய செய்தித்தாளில்தான் அளவு வெட்டுவாள். அதில் அலுவலகக் காகிதம் ஏதும் கலந்திருக்கிறதா என்று நான் புரட்டிப் பார்ப்பதுண்டு. ஒருநாளும் இருந்ததில்லை. அதற்காகப் பார்க்காமல் இருக்க முடியுமா?

சவுதியிலிருந்து வந்த வழுவழுப்புத் துணியில் லாத்தாவின் மகள் ஷமீமாவுக்குப் பாவாடையும் தாவணி ஜாக்கெட்டும் வசந்தாதான் தைத்தாள். கூலி வாங்கமாட்டாள். வெள்ளிக்கிழமை வட்டலப்பம் வரும், சில நாள் மீன் வரும். இங்கிருந்து பாகற்காய் போகும். இப்படியே சில வருஷம் போயிற்று. நானும் தின்றுகொண்டுதான் இருந்தேன்.

அப்போது நான் கட்டட வரைபடங்களுக்கு அனுமதி கொடுக்கும் பிரிவில் எழுத்தர். ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. மாடி கட்ட அனுமதி கேட்டு, மரியம் லாத்தா பெயரில். அந்த வெள்ளிக்கிழமை வட்டலப்பம் வழக்கத்தைவிடப் பெரிய பாத்திரத்தில் வந்தது.

"பாத்திரம் பெருசா இருக்கே?" என்றேன்.

"முட்டை நிறைய இருந்துச்சாம்," என்றாள் வசந்தா.

"திடீர்னு எப்படி நிறைய வரும்?"

"அத கோழியத்தான் கேக்கணும்."

கோழியைக் கேட்க விதியில் இடமில்லை. மேலலுவலகத்தைக் கேட்க இடமிருந்தது. இரண்டு கேள்வி எழுதினேன். என் மனைவி கூலியின்றித் தைப்பது வணிகமா? அதற்கு ஈடாக வரும் தின்பண்டம் அன்பளிப்பா? தெளிவுரை வரும்வரை இந்த விண்ணப்பத்தை நிறுத்திவைக்கலாம் என்று கோப்பிலும் குறிப்பு வைத்தேன். தலைமை எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னய்யா இது, வட்டலப்பத்துக்கு விளக்கம் கேக்குற?"

"நாளைக்கு யாராச்சும் மொட்டைக் கடுதாசி போட்டா, சார்?"

"போடுறதா இருந்தா அதையும் நீதான் போட்டுக்கணும். இங்க வேற யாருக்கும் நேரமில்ல."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு சீக்கிரம் ஏன் போட்டார் என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம். இன்றைக்கும் தீரவில்லை. கோப்பு மேலலுவலகம் இருந்த புதுச்சேரிக்குப் போயிற்று.

வீட்டில், பதில் வரும்வரை லாத்தா வீட்டுத் துணியைத் தொடவேண்டாம் என்றேன். வசந்தா மிஷினை மூடி வைத்தாள். இரண்டு வெள்ளிக்கிழமை கழித்து வேலியோரம் பேச்சு கேட்டது.

"என்ன தங்கச்சி, மிஷின் சத்தத்தையே காணோம்?"

"ரிப்பேரு லாத்தா."

லாத்தா என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "தம்பி, நம்ம பிளான் என்னாச்சு? மாப்பிள்ள ஊட்டுல கேக்குறாஹ."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவர்கள் வழக்கத்தில் கல்யாணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். ஷமீமாவுக்கு நிச்சயமாகியிருந்தது. மாடி எழும்பினால்தான் நிக்காஹ்.

"ஃபைல் புதுச்சேரிக்குப் போயிருக்குங்க."

"என் ஊட்டுக்கு மேல ரெண்டு ரூம்பு கட்ட புதுச்சேரியில எதுக்கு கேக்கணும்?"

"அதுக்கு ஒரு முறை இருக்குங்க."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு உறுத்தியது. இவ்வளவு அவசரமுள்ளவர் ஏன் வற்புறுத்தவில்லை?

அடுத்த வெள்ளிக்கிழமை வட்டலப்பம் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன்: "பாத்தியா, காரியம் ஆகலன்னதும் நின்னுபோச்சு. அப்ப முன்னாடி வந்தது எதுக்குன்னு தெரியுதுல்ல?"

வசந்தா மோர் ஊற்றுவதை நிறுத்தினாள். "போன வாரமும் கொண்டாந்தாங்க. நான்தான் வேணாம்னேன். நீங்க எழுதிக் கேட்டிருக்கிறதையும் சொல்லிட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"பாத்திரத்த வாங்கிக்கிட்டுப் போய்ட்டாங்க."

நினைவூட்டல் கடிதம் மூன்று அனுப்பினேன். கோப்பு ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கும், அங்கிருந்து சட்டக் கருத்துக்கும் போனதாகத் தகவல் வந்தது. எல்லாம் முறைப்படிதான். மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி காத்திருக்கவில்லை. லாத்தா இருந்த வீட்டை விற்றுவிட்டுத் திருமலைராயன்பட்டினத்தில் மாடியோடு ஒரு வீட்டை வாங்கினார். கல்யாணப் பத்திரிகையை வேலி வழியாகத் தரவில்லை. தெருவைச் சுற்றி வந்து, வாசலில் நின்று, என் கையில் கொடுத்தார். ஷமீமாவின் ஜாக்கெட்டைத் தையல்கடையில் கொடுத்துத் தைத்தார்களாம். கல்யாணத்துக்கு வசந்தா மட்டும் போய்வந்தாள். விண்ணப்பம் முறைப்படி திரும்பப் பெறப்படவில்லை; கோப்பு நிலுவையில் இருக்கும்போது அந்த விருந்தில் நான் உட்கார முடியாது.

வீட்டை வாங்கியவர் முதல் வேலையாகக் கிளுவையை வெட்டிவிட்டு ஆளுயரத்துக்கு மதில் எழுப்பினார். அதற்கு அனுமதி ஒரே வாரத்தில் கிடைத்தது. எப்படி என்று நான் விசாரித்தேன், பிடி எதுவும் கிடைக்கவில்லை. மிளகாய்ச் செடி சரியாகக் காய்க்கவில்லை. புடலைக்குப் பந்தல் போடுவதை வசந்தா விட்டுவிட்டாள். இப்போது அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் மதில்தான். உள்ளே தைக்கிறார்களா, தாளிக்கிறார்களா என்று வெளியே தெரியாது. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், கேமராவைப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறார்கள்.

அந்த மதில் எழும்பிய பிறகுதான் மேலலுவலகத்தின் பதில் ஒருவழியாக வந்தது. ‘மேற்படி பொருளில் தெளிவுரை ஏதும் தேவையில்லை. நடப்பிலுள்ள விதிகளே போதுமானவை.’ அவ்வளவுதான். வீட்டுக்கு எடுத்துவந்து வசந்தாவிடம் படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப இனிமே தைக்கலாமா?"

"தாராளமா தைக்கலாம்."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எந்தக் கடிதமானாலும் கைக்குக் கிடைத்த நாளை அதன் மேல்மூலையில் குறிக்கவேண்டும். குறித்தேன்: எண்பத்தொன்றாம் வருஷம், மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள்.