பத்து, எட்டு, ஆறு

வினோதா என் தம்பி மனைவி. அவளைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தீராத நோயுள்ள பிள்ளைகளின் வலியைக் கேட்டுப் பதியும் வேலை அவளுக்கு. ஆஸ்பத்திரியில் ஒரு போன் கொடுத்திருந்தார்கள். வலி பத்துக்கு எத்தனை, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டு அதில் போட வேண்டும். வலி ஏழைத் தாண்டினால் டாக்டர் அன்றே அழைத்து மருந்தைக் கூட்டுவார்.

பிள்ளையிடமே கேட்கச் சொல்லித்தான் பழக்கினார்கள். வினோதா தாய்மாரிடம் கேட்டாள். அவர்கள் இரண்டு கூட்டிச் சொல்வது அவளுக்குத் தெரியும்; அவளும் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தானே. கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கு, சாக்குக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள். கழிவுக்கும் சேர்த்துப் பறித்துப் பழகியவர்கள் வலியையும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் அவள் இரண்டைக் கழித்துப் போட்டாள். கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்த்த டாக்டர், அவளுடைய எண்கள்தான் பொருந்துகின்றன என்று மெச்சினார். அன்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வீரம்மாவின் மகள் தனுஜாவுக்கு ஒன்பது வயது. எலும்பில் புற்று. இனி வைத்தியமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை வினோதா போனபோது பிள்ளை பேச்சில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வீரம்மா எட்டு என்றாள். வினோதா ஆறு என்று போட்டாள். வியாழக்கிழமையும் அதே எட்டு, அதே ஆறு. டாக்டர் அழைக்கவில்லை. சனிக்கிழமை பிள்ளை போய்விட்டது. கடைசி இரண்டு நாளும் அது துடித்த துடிப்பு லயம் முழுக்கக் கேட்டது.

கருமாதி முடிந்த பிறகு நானும் வினோதாவும் போனோம். வீரம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"புள்ள பத்துன்னுதான் சொல்லுச்சு, தங்கச்சி. கூட்டிச் சொல்றோம்னு நெனச்சிருவாங்கன்னு நாந்தான் ரெண்ட கொறச்சேன். நாந்தான் அத வலியோட அனுப்பிட்டேன்."

திரும்பும் வழியில்தான் வினோதா தானும் கழித்ததை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது.

இப்போதெல்லாம் பிள்ளையின் முகத்தருகே குனிந்து கேட்கிறாள். சொன்னதை அப்படியே போடுகிறாள். வீரம்மாவின் வாசல் வழியாக மட்டும் அவள் போவதில்லை. மொத்தப் பழியும் தன்னுடையது என்றுதான் வீரம்மா இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் போய்ச் சொல்லவில்லை.