சூசையண்ணையின் இரும்புத் தொப்பிகள்

செய்தி எனக்குக் காலைக் கோச்சியில் கிடைத்தது. வெள்ளவத்தை ரயில் நிலையத்தில் ஏறி, யன்னலோரம் இருந்து, கடலைப் பார்த்தபடி பாதி நித்திரையில் போய்க்கொண்டிருந்தேன். கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்யும் நடராசா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ரீச்சர், கொட்டாஞ்சேனைச் சூசையர் நேற்றுப் பின்னேரம் காலமாயிட்டார்."

அதன்பிறகு யன்னலில் கடல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டையில் இறங்க மறந்து மருதானை வரை போய்விட்டேன்.

சூசையண்ணையை அறிந்தவர்களுக்கு அவருடைய தொப்பிகளையும் தெரியும். துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் கிளாக்கராக இருந்துகொண்டு, கப்பல்காரரிடம் போர்வீரர்களின் இரும்புத் தொப்பிகளை வாங்கிச் சேர்த்தவர். முந்திய யுத்தத்து ஜெர்மன்காரனின் கூர் வைத்த தொப்பி முதல், நெற்றியில் குண்டு துளைத்த ஒன்று வரை, மாடி அறை முழுக்க அவைதான். அவர் மனைவி திரேசம்மா ஒன்றை எடுத்து மண் போட்டு வல்லாரை நட்டுவிட, மனுசன் மூன்று நாள் கதைக்கவில்லையாம். பின்னேர வெயிலில் அந்த வரிசை, குனிந்து பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தலைகள் போலிருக்கும். தூரத்தில் கப்பல் ஊதும். கதிரையில் இருந்தபடியே எனக்குக் கண் சொருகும். அந்தத் தலைகள் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்ப்பதாகத் தோன்றும்.

ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். யார் போட்டது, எந்தச் சண்டை, யார் சொல்லித் தெரியும் என்று எழுதியிருப்பார். முதல் வரி மட்டும் 'ஆள்' என்று தொடங்கும். போட்டவன் உயிரோடிருந்தால் பக்கத்தில் 'உண்டு', செத்திருந்தால் 'இல்லை'. "தொப்பி பொய் சொல்லாது, ரீச்சர். விக்கிறவன்தான் சொல்லுவான்" என்பார்.

கிட்டங்கியிலும் அவர் அப்படித்தான். வந்து சேராத சரக்கின் பெயருக்கு எதிரே, தன் கொப்பியில் 'வரவேண்டும்' என்று எழுதுவார். யுத்த காலத்தில் கப்பல்கள் மாதக்கணக்காய்த் தாமதிக்கும். கூட இருந்தவர்கள் கேலி செய்தாலும் விடமாட்டார். "கப்பல் கடலில மூழ்கிப்போச்சுதெண்டு கடிதம் வரட்டும். அதுவரை அந்தச் சொல்லை வெட்டமாட்டன்."

என் தம்பி ராசன் பட்டாளத்தில் லொறி ஓட்ட எகிப்துக்குப் போனவன். ஒருநாள் கடிதங்கள் நின்றன. 'காணவில்லை' என்று தந்தி வந்தது. யுத்தம் முடிந்தும் வேறு சேதி இல்லை. அப்போதுதான் அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு மாலுமி, உள்ளே தமிழில் 'ரா' என்று கீறிய தொப்பியொன்றைச் சூசையண்ணையிடம் விற்றான். சிலேட்டு, அடிமட்டம், என் குடைப்பிடி என்று எதையும் விடாமல் 'ரா' கீறி வைத்தவன் என் தம்பி.

"இது தம்பியின்ரதான், அண்ணை. எழுதுங்கோ."

யன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரா எண்டு எத்தினை பேர் இருக்கினம். தெரியாததை எப்படி எழுதுறது?"

"அக்கா நான் சொல்லுறன்."

"அவன்ர பேரை எழுதினால் 'ஆள் இல்லை' எண்டும் எழுதச் சொல்லுவீங்கள். எழுதட்டோ?"

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ஒருதரம் வாய்விட்டு அழுது முடிக்க எனக்கு அந்தத் துண்டு வேண்டியிருந்தது. அதைக்கூடத் தராத கல்நெஞ்சன் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் அவரைக் கடைசியாகப் பார்த்திருப்பேன்.

செத்த வீட்டில் திரேசம்மா என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். "உங்கட தம்பியை விசாரிச்சுப் பட்டாளக் கந்தோருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டவர். பதில் வந்தால்தான் சொல்லுவன் எண்டு உங்களுக்கு மறைச்சவர். இதை உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்" என்று அந்தத் தொப்பியை மடியில் வைத்தார். உள்ளே ஒரு துண்டு இருந்தது. பெயர் இல்லை, சண்டை இல்லை, ஒரே ஒரு வரிதான்.

'ஆள் — வரவேண்டும்.'

தொப்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். வெள்ளவத்தை வீட்டில், வாசல் கதவோரம், என் குடைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. உள்ளே வருகிறவன் கை நீட்டினால் எட்டும் உயரம். கடற்காற்றில் சில பின்னேரங்களில் அது மெல்ல ஆடும்போது, நான் எழுந்து கதவைப் பார்க்கிறேன். அந்தச் சொல்லை நானும் வெட்டவில்லை, அண்ணை.