பதிவேட்டில் நான் எழுதிய சந்தேகம்

ஒரு பெண்ணைப் பொய் சொல்லி நிர்வாணமாக்கினேன். ஆம், நான்தான்! வேறு யாருடைய தலையிலும் இதைக் கட்ட முடியாது.

வன்னியில் ஒரு மறியற்சாலையில் சிறைக் காவலராக இருக்கிறேன். புதிதாகக் கொண்டுவரப்படும் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்புவது என் பொறுப்பு. விதி தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வழக்கில் வந்தவரை, நியாயமான சந்தேகம் இல்லாமல் உடுப்பைக் களையச் சொல்லக் கூடாது. சந்தேகம் என்னவென்று பதிவேட்டில் எழுதவும் வேண்டும். பயிற்சியில் இதை மனப்பாடமாக ஒப்புவித்தவள் நான்...

மாங்குளத்துச் சிவமலரக்கா, வேலிச் சண்டை வழக்கில் நீதிமன்றத் தவணைக்குப் போகாமல் விட்டவர். பிடியாணையில் பிடித்து ஒரு நாள் மறியலுக்கு அனுப்பியிருந்தார்கள். சேலைத் தலைப்பை இரு கையாலும் பிடித்தபடி நின்றார். உலோகம் காட்டும் கருவியை இடுப்பருகே கொண்டுபோனேன். கத்தியது.

"செல் துண்டு, தங்கச்சி. கடைசிச் சண்டையில பட்டது. எடுக்கேலாது எண்டு டொக்டர் சொன்னவர். அவாவுக்குச் சொல்லுங்கோ."

மேசையில் இருந்த மேலதிகாரியைத்தான் காட்டினார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நான்!

அது செல் துண்டுதான், உடம்புக்குள் தங்கிவிட்ட எறிகணைச் சிதறல்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. என் இடது தோளுக்குள்ளும் ஒன்று கிடக்கிறது. பத்து வயதில் பட்டது. வேலைக்கான மருத்துவப் படிவத்தில் 'காயம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்து உள்ளே வந்தவள் நான். இப்போது அது செல் துண்டுதான் என்று வாய் திறந்தால், உனக்கெப்படித் தெரியும், உனக்கும் இருக்கிறதா என்று மேலதிகாரி கேட்டுவிடுவாரோ... வேலை போய்விடுமோ... என்ன பயம் அது! சீ!

"என்னவென்று தெரியாதாம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

'மறைத்துவைத்த உலோகம் என்று சந்தேகம்.' என் கையாலேயே பதிவேட்டில் எழுதினேன். பிறகு அறைக்குள் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் களையச் சொன்னேன். குந்தி எழும்பச் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னதையெல்லாம் செய்தார். பழைய வடு ஒன்றைத் தவிர அங்கே எதுவும் இல்லை. இருக்காதென்று எனக்குத்தான் முன்பே தெரியுமே!

நீங்களென்றால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். விதிப்படிதானே நடந்தேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். பச்சைப் பொய்! விதி அவரைக் காப்பாற்றத்தான் நின்றது. அதை விலக்கிவிட ஒரு காரணத்தை நானே செய்து கொடுத்தேன்.

மறுநாள் பிணை கிடைத்தது. வெளியே போகுமுன் என்னைத் தேடி வந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கட பிள்ளை ஒண்டு பக்கத்தில நிண்டபடியால்தான் தாங்கினன், தங்கச்சி. நீங்கள் எவ்வளவோ சொல்லிப் பாத்திருப்பியள். அவா கேக்கேல்லை, என்ன?"

"ஓம், அக்கா" என்றேன்.