ரெக்கார்டிங் நடக்குது, சத்தம் போடாத

டேப் ரெக்கார்டரின் சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் பழைய வீட்டு ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்பா கையைத் தூக்குவார்... கொயர் பாட ஆரம்பிக்கும்.

அப்பாதான் சர்ச்சில் கொயர் மாஸ்டர். டிசம்பர் நெருங்கினால் கேரல் பிராக்டிஸ் எங்கள் வீட்டில். தப்பைத் திருப்பிக் கேட்டுத் திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு பாட்டையும் டேப்பில் பிடிப்பார். ஆனால் புதுக் கேசட் வாங்க மனசு வராது. யாரோ கொடுத்த பழைய பிரசங்கக் கேசட்டின் மூலையில் இருக்கும் ஓட்டையைச் செல்லோடேப் ஒட்டி மூடுவார். அப்போதுதான் அதன் மேல் மறுபடி பதிவாகும். பாஸ்டருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று அம்மா திட்டுவாள்.

அம்மா பாடமாட்டாள். சுருதி நிற்காது என்று அப்பாவே சேர்த்துக்கொள்ளவில்லை. ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவில் ஒரு ஸ்கிரீன் துணிதான். அதற்கு அந்தப் பக்கம் நின்று எல்லாருக்கும் டீ போடுவாள், வாய் மட்டும் ஓயாது. பால்காரரிடம் கன்னடத்தில் ஒரு சண்டை, என்னிடம் தமிழில் ஒரு சண்டை, பாத்திரத்தோடு ஒரு சண்டை... எல்லாம் டேப்பில் ஏறிவிடும்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கடைசிக் காலத்தில் ஸ்ட்ரோக் வந்து பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. என் போனில் அவள் வீடியோ நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் சிரிக்கிறாள். ஒன்றில்கூடப் பேசவில்லை.

அண்ணன் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறான். கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் மெஷின் ஒன்று வாங்கியிருப்பதாகச் சொன்னான். நினைவு ஜெபக்கூட்டத்துக்குள் முடித்துவிடு என்று, பரணில் இருந்த கேசட் பையை அப்படியே தூக்கிக் கொடுத்தேன். எனக்கு அதில் எது வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கும் அவள்தானே அம்மா.

ஃபேமிலி குரூப்பில் பாட்டெல்லாம் வந்தது. லிங்கராஜபுரத்தில் என்னோடு இருக்கும் அப்பாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். அத்தனை சுத்தம். அப்பா விரலால் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு தாளத்தை நிறுத்திவிட்டார்.

"பாட்டு நல்லாருக்கு பாப்பா... உங்கம்மா எங்க?"

ஒவ்வொரு பாட்டாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கடைசி வரி முடியும், சத்தம் அழகாக அடங்கும், அவ்வளவுதான். ஒரு இருமல் இல்லை, ஒரு டீ கிளாஸ் சத்தம் இல்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அதெல்லாம் நாய்ஸ்டீ. சாஃப்ட்வேர்ல போட்டு கட் பண்ணேன். சனி ஞாயிறு பூரா உக்காந்து செஞ்சிருக்கேன், ஒரு தேங்க்ஸ் இல்ல."

"அம்மா பேசறது உனக்கு நாய்ஸா?"

"பால்காரன்கிட்ட கத்தறத வெச்சுட்டு என்ன பண்ணப் போற?"

"சரி, கேசட்ட திருப்பிக் குடு. நானே பண்ணிக்கிறேன்."



"அபார்ட்மென்ட்ல ஈ-வேஸ்ட் எடுக்க வந்தாங்க... குடுத்துட்டேன். சிஸ்டம்ல இருந்த ஒரிஜினலும் இடம் அடைக்குதுன்னு டெலீட் பண்ணிட்டேன்."

அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. நீங்களும் கமென்ட்டில் வந்து 'பாவம், நல்ல எண்ணத்தில்தான் செய்தார்' என்று எழுதாதீர்கள். நல்ல எண்ணம் இருந்தவன் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்டிருப்பான். கத்துவது யார் என்று அவன் காதுக்குத் தெரியாதா? தெரிந்துதானே வெட்டினான்.

மறுநாள் அவனிடமிருந்து ஒரே ஒரு ஃபைல் வந்தது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். "இது ரிஜெக்ட்னு தனியா வெச்சது. அம்மா பாட்டு மேலயே பேசிட்டாங்க, பிரிக்க முடியல. அதான் அனுப்பல." அதற்காக என் கோபம் ஒன்றும் குறையவில்லை.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன். இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் இருந்து அம்மா...

"ஏங்க, காவேரி தண்ணி வந்துடுச்சு. யாராவது எழுந்து மோட்டார் போடுங்க. பாடிக்கிட்டே இருந்தா டிரம்மு தானா ரொம்பிடுமா?"

கொயரில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். உடனே அப்பாவின் குரல், இளமையாக, அதட்டலாக.

"ஷ்ஷ்... ரெக்கார்டிங் நடக்குது, சத்தம் போடாத."

"ஆமா... பெரிய ரெக்கார்டிங்கு."

அவ்வளவுதான். இருந்த அத்தனை கேசட்டில் எங்களுக்கு மிஞ்சின அம்மா இவ்வளவுதான்.

அப்போதெல்லாம் அவளைப் பேசாதே என்று அடக்க ஒரு வீடு நிறைய ஆள் இருந்தது. அவள் யாருக்கும் அடங்கவில்லை. இப்போது ஒருத்தன் தனியாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் அவள் வாயை மூடிவிட்டான். அண்ணனோடு நான் இன்னும் பேசவில்லை. ஜெபக்கூட்டத்துக்கு வருவான், அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா அந்த ஃபைலைத்தான் தினமும் போடச் சொல்கிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். அம்மா மோட்டார் போடச் சொல்லும்போது தலையை ஆட்டுகிறார். அந்த 'ஷ்ஷ்' வரும் இடத்தில் மட்டும் முகம் சுருங்கிவிடுகிறது. நேற்றுப் போனை என் கையிலிருந்து வாங்கி வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதற்குள் அதட்டுகிற தன் குரலிடமே சொன்னார்.

"நீ சும்மா இருடா... அவ பேசட்டும்."