அர்மானைக் கவிழ்த்த பின்சக்கரம்

மைனஸ் முப்பது டிகிரிக் குளிர் வந்தால் எங்கள் வினிபெக் ஊரில் காருக்கே இருமல் வரும். அர்மான் வெர்மெட் மட்டும் தாடியில் பனி தொங்கச் சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். கனமான கற்களைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் கிளப்பில் அவர் ஐஸ் தளம் போடுகிறவர். அங்கே கேன்டீன் பார்ப்பது நான்.

"ஒரு கார் வாங்குனா என்ன?" என்று கேட்டால், "கார் காலையில கிளம்பணும்னு மாதாகிட்ட வேண்டிக்கணும். என் சைக்கிளுக்கு அதெல்லாம் வேணாம்" என்பார்.

ஜனவரியில் அந்தச் சைக்கிளே அவர் மானத்தை வாங்கியது.

ஆற்றுப் பாலத்து ஏற்றத்தில் பெடல் சட்டென்று வழுக்கியது. கால் சுற்றுகிறது, செயின் சுற்றுகிறது. பின்சக்கரமோ யார் வீட்டுக் கல்யாணமோ என்று சும்மா இருக்கிறது. இறங்கித் தள்ளினார். பனி வாரும் வண்டி ஓட்டுகிற ரெனே பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினான்.

"என்ன அண்ணே, சைக்கிளுக்கு முட்டி வலியா? கைபிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போறீங்க?"

"போடா, உன் வேலையப் பாரு."

"ஏறுங்கண்ணே. ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு."

அர்மான் ஏறவில்லை. தளத்துக்குத் தண்ணீர் தெளிக்க அவர் வந்து சேர்வதற்குள் ஆட்டக்காரர்கள் என்னிடம் இருந்த காபியையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டார்கள். அப்படி அதற்கு முன் நடந்ததேயில்லை. மனுஷன் அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் சைக்கிளைச் சமையலறைக்குள்ளேயே கொண்டுபோய்த் தலைகீழாக நிறுத்தினார். இரவு சாப்பாடு முடிந்து பெடலைச் சுற்றினால், சக்கரம் சொன்னபடி கேட்டது. டாக்டர் வாசலை மிதித்ததும் பல்வலி ஓடிப்போகுமே, அந்த மாதிரி.

"சைக்கிளுக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான் வயசாச்சு" என்றாள் மனைவி லூசீல்.

மறுநாள் பாலத்தில் மறுபடி வழுக்கல். புதுச் செயின் போட்டார், வழுக்கியது. பின்பக்கத்துப் பல்சக்கரத்தை மாற்றினார், அப்போதும் வழுக்கியது. ரெனே தினமும் பாலத்தருகே வண்டியை மெதுவாக்கி, தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை லூசீல் பன்றிக்கறி போட்ட பட்டாணி சூப்பை ஆறவைக்க வெளியே பின்வாசல் படியில் வைத்திருந்தாள். எடுக்கப்போன அர்மான் மூடியைத் திறந்தார். மேலே கொழுப்பு வெள்ளைத் தட்டு மாதிரி இறுகியிருந்தது. கரண்டி அதில் மாட்டிக்கொண்டு அசையவில்லை. திறந்த கதவோடு அப்படியே நின்றார்.

"கதவச் சாத்து மனுஷா! வீட்டுக்குள்ளயும் ஐஸ் தளம் போடப் போறியா?"

"லூசீல், நான் ஒரு முட்டாள்."

"அது கல்யாணத்தன்னைக்கே தெரியும். இப்ப என்ன புதுசா?"

குளிர்காலத்துக்கு முன்னால் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைப் பாசத்தோடு பிரித்து, உள்ளே கெட்டி கிரீஸை அள்ளி அப்பியவர் அவரேதான். ஹப்புக்குள் சின்னக் கொக்கிகள் இருக்கும். பெடலை மிதித்தால் அவை வெளியே நீட்டிச் சக்கரத்தைக் கவ்வ வேண்டும். குளிரில் கிரீஸ் இறுகியதும் கொக்கிகள் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. வீட்டுச் சூட்டில் இளகி, நல்ல பிள்ளையாகிவிட்டன.

இந்த முறை அவசரப்படவில்லை. சக்கரத்தை மட்டும் கழற்றிப் பின்படியில் வைத்துவிட்டுச் சூப் குடித்தார். பிறகு வெளியிலேயே நின்று பல்சக்கரத்தைக் கையால் திருப்பினார். கவ்வவேயில்லை. உள்ளே எடுத்துவந்து லூசீலின் முடி உலர்த்தியை ஹப்பின்மேல் காட்டினார்.

"உன் தலைக்குத்தான் அது தேவைப்படல. சக்கரத்துக்கு முடி முளைச்சிருச்சா?"

'டக்' என்று கொக்கி கவ்வியது. அர்மான் லூசீலைக் கட்டிப்பிடித்தார். கிரீஸ் கையோடுதான். அவள் மேல்சட்டை அதோடு சரி.

ஹப்பைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெயைச் சில சொட்டு விட்டார். மறுநாள் பாலத்தில் ரெனே தொப்பியைக் கழற்றுவதற்குள் அவனைக் கடந்துவிட்டார்.

ஒரே ஒரு சங்கடம். கிரீஸ் போனதால், மிதிப்பதை நிறுத்தினால் ஹப் 'கிரிகிரி'யென்று தெருவே கேட்கக் கத்தும். வீட்டைத் தாண்டி இரண்டு வாசல் தள்ளி டோனட் என்கிற இனிப்பு விற்கும் கடை, அவருக்கோ சர்க்கரை வியாதி. முன்பெல்லாம் சத்தமில்லாமல் உருண்டுபோய்க் கடை வாசலில் நின்றுவிடுவார். இப்போது லூசீல் ஜன்னலைத் திறந்து, "அர்மான், அந்தப் பக்கமில்ல, வீடு இந்தப் பக்கம்!" என்று கத்துகிறாள்.

அதனால் வீட்டு வாசலைத் தாண்டும்போது மிதித்துக்கொண்டேதான் போகிறார் என்று கேள்வி. கடை வாசலில் 'கிரிகிரி' இல்லாமல் நிறுத்தத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை.